பக்கத்து வீட்டுப் பெரியவரின் ரீலோடிங் சாமான் மொத்தமும் என் கராஜில்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடணும்?

கேட்டி_வாசி எழுதியது:

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து சில வருஷம் ஆகிறது. ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து மான் வேட்டை பழகி, போல்ட் ஆக்‌ஷன் .30-06 ரைஃபிள் ஒன்றும், ரேஞ்சில் சுடுவதற்கு .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் எஸ்டேட் சேல் போட்டபோது, கராஜ் மூலையில் அவர் தோட்டா ரீலோட் செய்த மேஜை, அதாவது சுட்டு முடித்த கூட்டில் மறுபடி பவுடரும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்கிய மேஜை, அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. மொத்தமாக 200 டாலர் என்றார்கள், வாங்கிவிட்டேன்.

வந்திருக்கும் சாமான் இது: பச்சை பெயின்ட் அடித்த ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ் (கூட்டை அச்சுக்குள் அழுத்தும் கருவி). அதே கம்பெனியின் 5-0-5 தராசு. பவுடர் அளந்து கொட்டும் கருவி ஒன்று, அதன் பிளாஸ்டிக் குடுவை பழுப்பேறிக் கிடக்கிறது. .30-06க்கு இரண்டு டை (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) உள்ள பெட்டி, .38க்கு மூன்று டை உள்ள பெட்டி. ஒரு வாளி நிறைய பித்தளைக் கூடுகள். ஒரிஜினல் டப்பாவிலேயே இரண்டு பவுடர், இரண்டும் திறந்தவை. காபி டப்பா ஒன்றில் முக்கால்வாசி ஏதோ பவுடர், மேலே பெயர் எதுவும் இல்லை. பிரைமர் (கூட்டின் அடியில் தீப்பொறி கொடுக்கும் சின்ன மூடி) பாதிப் பெட்டி. கடைசியாக, அவரே செய்து வைத்த .30-06 தோட்டாக்கள் சில பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பென்சிலில் எழுதிய சீட்டு இருக்கிறது. ஒன்றில் குண்டு 180 கிரெயின் (எடை அலகு), பவுடர் 4350, அதன் எடை, பக்கத்தில் "மானுக்கு நல்லது" என்று எழுதியிருக்கிறார்.

என் கேள்வி: இவ்வளவு பழைய பிரஸ்ஸை நம்பலாமா? அந்த பவுடரையும் பிரைமரையும் பயன்படுத்தலாமா? அவர் செய்த தோட்டாக்களைச் சுடலாமா? மேற்கொண்டு என்ன வாங்க வேண்டும்? வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


பித்தளைக்கூடு எழுதியது:

தம்பி, நான் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். என் வீட்டில் இருக்கும் ரீலோடிங் சாமானில் பெரும்பகுதி இப்படி இன்னொருவர் மேஜையிலிருந்து வந்ததுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காபி டப்பா. அதை மோந்து பார்த்து, நிறத்தைப் பார்த்து, "இது இந்தப் பவுடர் மாதிரி இருக்கிறதே" என்று முடிவு கட்ட யாராலும் முடியாது. கைத்துப்பாக்கிக்கான வேகமான பவுடரும் ரைஃபிளுக்கான மெதுவான பவுடரும் கண்ணுக்கு ஒரே மாதிரி சாம்பல் நிறத் துணுக்காக இருக்கலாம். வேகமாக எரிவதை ரைஃபிள் கூட்டில் ரைஃபிள் அளவுக்கு நிரப்பிச் சுட்டால், ரைஃபிள் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்துச் சிதறும். ஆகவே பெயர் தெரியாத பவுடருக்கு ஒரே வழிதான்: போய்விட வேண்டும்.

ஒரிஜினல் டப்பாவில் இருப்பதும் அதே கதைதான். மூடி திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது லேபிளில் இருப்பதுதானா என்று சொல்லக்கூடியவர் இப்போது உயிரோடு இல்லை. கடைசியில் மிஞ்சியதை வேறு டப்பாவில் கொட்டி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு பவுண்டு புது பவுடரின் விலையைப் பார்த்து இதில் மனசு இளகாதீர்கள். மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்துகிற அமில வாடை வந்தாலோ, செம்பழுப்பாகத் துரு மாதிரி தூசி தெரிந்தாலோ, அது கெட்டுப்போய்க்கொண்டிருக்கிற பவுடர். அதை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். நல்ல நிலையில் இருப்பதைப் புல்வெளியில் மிக மெல்லியதாக, ஒரே இடத்தில் குவியாமல் தூவிவிடுவது இங்கே வழக்கம். நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்கு உரமாகிவிடும். அளவு அதிகமாகத் தோன்றினால் உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து கேளுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.

பிரைமர்: ஹூஸ்டன் கராஜின் சூட்டிலும் ஈரத்திலும் எத்தனை கோடை கிடந்தது என்று தெரியாது. வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப முடியாது. காய்ந்தபின் சில பிரைமர் திரும்ப வெடிக்கும். ரேஞ்சிலோ தீயணைப்பு நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.

பெரியவர் செய்த தோட்டாக்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அடுத்தவர் ரீலோட் செய்ததை நான் சுடுவதில்லை, என் உயிர் நண்பர் செய்ததாக இருந்தாலும். அவர் அவருடைய துப்பாக்கிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார். உங்கள் ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை வேறு.

அந்தச் சீட்டையே பாருங்கள். "4350" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எந்த 4350? ஐஎம்ஆர் 4350 ஒன்று இருக்கிறது. ஹாட்ஜ்டன் விற்கும் எச் 4350 ஒன்று இருக்கிறது, அது ஆஸ்திரேலியாவில் முல்வாலா ஆலையில் தயாராவது. ஆக்யுரேட் கம்பெனியின் 4350 மூன்றாவது. எண் ஒன்றுதான், எரிகிற வேகம் ஒன்றில்லை. ஒன்றுக்கான அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. அவருக்கு எது என்று மனதில் தெரிந்திருக்கும், அதனால் எழுதவில்லை. சீட்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருக்கும் எடையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தோட்டாக்களைப் பிரித்துவிடலாம். சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லட் புல்லர் ஒன்று வாங்குங்கள். தோட்டாவை அதில் மாட்டி மரக்கட்டையில் தட்டினால் குண்டு கழன்று வரும். குண்டும் கூடும் உங்களுக்கு, பவுடர் புல்லுக்கு.

இனி நல்ல செய்தி. அந்தப் பிரஸ்தான் நீங்கள் வாங்கியதில் தங்கம். ஆர்சிபிஎஸ் 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய கம்பெனி. ராக் சக்கர் வார்ப்பிரும்பில் செய்தது. மேலே டை திருகும் ஓட்டை 7/8-14 மரை. இன்றைக்குக் கடையில் வாங்கும் டைகளில் அனேகமாக எல்லாமே அந்த மரையில்தான் வருகின்றன, எந்தக் கம்பெனியாக இருந்தாலும். அதனால் பிரஸ் பழையதாக இருப்பது ஒரு குறையே இல்லை.

எப்படிச் சோதிப்பது: மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, உள்ளே ஏறி இறங்கும் தண்டைப் பாதி உயர்த்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு பரவாயில்லை, கடகடவென்று ஆடினால் தேய்ந்திருக்கிறது. சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், முக்கியமாகக் கைப்பிடி இணையும் இடத்தில். மரையில் துரு இருந்தால் பித்தளை பிரஷ் போதும். புது கிரீஸ் மெல்லிசாகத் தடவி, பலமான மேஜையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். .30-06 கூட்டை அளவுக்குச் சுருக்கும்போது நல்ல பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கும், மேஜை தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

டைகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். துருப்புள்ளி இருந்தால் ஒவ்வொரு கூட்டிலும் கோடு கிழிக்கும். நடுவில் இருக்கும் ஊசி வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், விலை குறைவு. .38 டை பழைய எஃகாக இருந்தால் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும். உள்ளே கார்பைடு வளையம் இருந்தால் வேண்டாம், அது தனியாகப் பளபளப்பாகத் தெரியும். ஷெல் ஹோல்டர் (பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு) இரண்டும் பெட்டியில் இருக்கிறதா? .30-06க்கு 3ஆம் எண், .38க்கு 6ஆம் எண், அதிலேயே பொறித்திருக்கும்.

பவுடர் கருவியின் குடுவை பழுப்பேறியிருப்பது, பவுடரை உள்ளேயே நாள்கணக்கில் விட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். பவுடர் பிளாஸ்டிக்கை அரிக்கும். குடுவையை மட்டும் புதிதாக வாங்கி மாட்டுங்கள்.

நான் சந்தேகப்படுவது தராசைத்தான். பழைய இரும்பு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். தராசு கெட்டால் தெரியாது, நல்லபடி வேலை செய்வது போலவே நிற்கும். சோதனை எடைக்கல் செட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். வாங்கிவிட்டு எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.

வாங்க வேண்டியது என்று பார்த்தால், அந்த எடைக்கல், புது மேனுவல் (பவுடர் அளவு அட்டவணை உள்ள ரீலோடிங் புத்தகம்), காலிப்பர், கூடு நறுக்கும் டிரிம்மர், லோடிங் பிளாக் (கூடுகளை நிறுத்தி வைக்கும் குழிப்பலகை). மேனுவலில் கஞ்சத்தனம் வேண்டாம். லைமன், ஹார்னடி மாதிரி கம்பெனிகள் போடுவதில் இப்போதைய பதிப்பு ஒன்று வாங்கி, முன்பகுதியை முழுவதும் படியுங்கள். அதற்கு அப்புறம் அட்டவணைக்குப் போகலாம்.


நீலமலை_லேப் எழுதியது:

அண்ணா, குழந்தை இருக்கிறாள் என்று சொன்னதால் எழுதுகிறேன். துப்பாக்கி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஈயம் பற்றித் தெரியும், லேபில் வேலை.

சுட்டு முடித்த கூட்டுக்குள் இருக்கும் கரியில் ஈயம் உண்டு. பெரும்பாலான பிரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம்தான் தீப்பொறி கொடுக்கிறது. கூடுகளைச் சோளக்கதிர்த் தூளிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ போட்டு அதிரவிட்டுச் சுத்தம் செய்வார்கள். அந்தத் தூளை மாற்றக் கொட்டும்போது எழும் தூசிதான் மோசமானது. உலர் முறை வேண்டாம், தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டு உருட்டும் முறைக்குப் போங்கள். தூசியே எழாது. அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான குறிப்பு அளவை 2021இல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. அந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பாப்பாவின் டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், தொடங்குவதற்கு முன் ஒன்று, சில மாதம் கழித்து ஒன்று. நீங்களும் கொடுங்கள்.

மற்றபடி: அந்த மேஜையில் காபி, முறுக்கு எதுவும் வேண்டாம். வேலைக்கென்று ஒரு சட்டை, அதை கராஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.


டல்லஸ்_புதுசு எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கவில்லை. ஆனால் ஒரு நண்பரோடு சேர்ந்து ரீலோடிங் மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்று பிரைமரும் பவுடரும் வாங்கி வைக்கலாமா? வெறும் பாகங்கள்தானே?


பித்தளைக்கூடு எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். வாங்காதீர்கள். கூட்டாட்சிச் சட்டம், குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் "தோட்டா" என்ற விளக்கத்துக்குள் கூடு, பிரைமர், குண்டு, பவுடர் எல்லாம் தனித்தனியாகவே அடங்கும். வெறும் பாகம் என்ற வாதம் நிற்காது. விலக்கு இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. ஆனால் லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். இதில் தப்பு நடந்தால் விசாவும் போகும், அதற்கு மேலும் போகும். குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். நண்பரோடு சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்குக்கூட அதற்குப் பிறகு போங்கள்.

கேட்டி தம்பிக்கு: கிரீன் கார்டு என்றால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்யக் கூட்டாட்சி லைசென்ஸ் தேவையில்லை. செய்ததை விற்றுப் பிழைக்கத் தொடங்கினால் தோட்டா தயாரிப்பாளர் லைசென்ஸ் வேண்டும். ரேஞ்சில் யாராவது "எனக்கும் ஒரு பெட்டி செய்து கொடு, காசு தருகிறேன்" என்பார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.


மதுரை_வாசகன் எழுதியது:

அண்ணே, இங்கே ரைஃபிள் கிளப்பில் மெம்பர். நம்ம ஊரில் இது முடியுமா?


பித்தளைக்கூடு எழுதியது:

வீட்டில் முடியாது தம்பி. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும், துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது அதற்குப் போதாது. கிளப் வழியாக வருவதைச் சுடுங்கள். இந்த இழையில் எழுதுவதெல்லாம் அமெரிக்க நிலைமைக்கு.


கேட்டி_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பவுடர், பிரைமர், தோட்டா விஷயத்தில் சொன்னபடியே செய்துவிட்டேன். காபி டப்பாவைத் திறந்தபோதே அமில வாடை அடித்தது. தீயணைப்பு நிலையத்தில் மரியாதையாகவே பேசினார்கள், கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். பாப்பாவுக்கும் டெஸ்ட் எழுதி வாங்கியாகிவிட்டது.

பிரஸ் சுத்தம் செய்தேன், ஆட்டம் இல்லை. எடைக்கல் வந்தது. தராசில் பிரச்சினை: அதே கல்லை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்தால், ஒரு தடவை சரியாகக் காட்டுகிறது, அடுத்த தடவை 0.3 கிரெயின் தள்ளி நிற்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் வாங்கிவிடவா?

இன்னொன்று, வாளியில் இருக்கும் கூடுகளில் பல மாதிரி எழுத்து பொறித்திருக்கிறது. "எல்சி 67" என்று நிறைய இருக்கின்றன. எதை எடுக்கலாம்? .30-06இல் தொடங்குவதா, .38இல் தொடங்குவதா?


பித்தளைக்கூடு எழுதியது:

தராசைத் தூக்கிப் போடாதீர்கள். 5-0-5 நல்ல தராசு, ஓஹாஸ் கம்பெனி ஆர்சிபிஎஸ்ஸுக்குச் செய்து கொடுத்தது. தண்டை மெல்ல வெளியே தூக்குங்கள். அதன் நடுவில் இரண்டு பக்கமும் கத்தி முனை மாதிரி எஃகு இருக்கும், அது உட்காரும் இடத்தில் சின்னக் கல் பதித்திருப்பார்கள். அந்த முனையில் ஒரு மயிரிழை தூசி ஒட்டியிருந்தால் போதும், நீங்கள் சொல்கிற மாதிரிதான் காட்டும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். எண்ணெய் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் தண்டின் நுனியில் செம்புத் தகடு ஒன்று இரண்டு காந்தத்துக்கு நடுவே ஆடும். ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்குவதற்காக வைத்தது அது. கராஜ் மேஜையில் இத்தனை வருஷம் இருந்ததால் அந்தக் காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும், தகடு அதில் உரசும். செலோடேப்பை மடித்து ஒட்டி ஒட்டி எடுங்கள், எல்லாம் வந்துவிடும்.

பிறகு மேஜையைச் சமமாக்கி, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, பூஜ்யம் பார்த்து, கல்லை வையுங்கள். நீங்கள் போடப்போகும் பவுடர் எடைக்குப் பக்கத்தில் வருகிற கல்லாகப் பாருங்கள். மறுபடி மறுபடி 0.1 கிரெயினுக்குள் நின்றால் சரியாகிவிட்டது. ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 0.3 என்பது .30-06இல் பெரிய விஷயமில்லாமல் போகலாம். .38இல் மொத்தமே நாலைந்து கிரெயின்தான், அங்கே அது பெரிது.

கூடுகள். எல்சி என்றால் மிசௌரியில் இருக்கும் லேக் சிட்டி ராணுவத் தோட்டா ஆலை, 67 என்பது 1967. கூடு நல்ல கூடு. ஆனால் ராணுவத்தில் பிரைமர் கழன்று விழக் கூடாது என்று சுற்றிலும் நசுக்கி வைத்திருப்பார்கள். பழைய பிரைமரைத் தள்ளியபின் அந்த விளிம்பை எடுக்காமல் புதியதை அழுத்தினால் நசுங்கும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, தொடக்கத்தில் அந்தத் தொல்லையே வேண்டாம், எல்சி எல்லாவற்றையும் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். வேற்று நாட்டு எழுத்து இருக்கும் கூடுகளை உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே ஓட்டை என்றால் பாக்ஸர் வகை, நம் டையின் ஊசி அதற்குள் போகும். ஓரமாக இரண்டு சின்ன ஓட்டை என்றால் பெர்டன் வகை, அதில் விட்டால் ஊசி உடையும். பெர்டனை உலோகக் கடைக்குப் போட்டுவிடுங்கள்.

மிச்சமிருப்பதில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, கூட்டைச் சுற்றி ஒரு பளிச்சென்ற கோடு தெரிகிறதா? பலமுறை சுட்டு, சுருக்கி, சுட்டு, அங்கே பித்தளை மெலிந்துகொண்டு வருகிறது. அடுத்த தடவை அங்கேயே இரண்டாகப் பிரியலாம், பின்பக்கம் சூடான வாயு வரும். வெளியே தெரியாமலும் இருக்கும், அதற்கு இது: ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் குட்டியாகக் கொக்கி வளைத்து, அதைக் கூராகத் தேய்த்துவிட்டு, கூட்டுக்குள் விட்டு உள்சுவரை ஒட்டி அடியிலிருந்து மேலே மெதுவாக இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அந்த இடத்தில் டக்கென்று ஒரு பள்ளத்தில் மாட்டும். விரலுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும். மாட்டினால் கூட்டைப் பிளையரால் நசுக்கிவிட்டுத் தூக்கிப் போடுங்கள், மறுபடி வாளிக்குத் திரும்பக் கூடாது. கழுத்தில் விரிசல் இருப்பதும் அப்படியே.

உங்கள் ரைஃபிளிலேயே நீங்கள் வாங்கிச் சுட்ட ஃபேக்டரி தோட்டாவின் கூடு இருந்தால், வாளியை மறந்துவிட்டு அதில் தொடங்குங்கள். அதன் கதை முழுவதும் உங்களுக்குத் தெரியும்.

எது முதலில் என்று கேட்டீர்கள். .38 சுலபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நேரான கூடு, வேலை குறைவு. ஆனால் நான் .30-06 என்பேன், காரணம் இதுதான். .38 ஸ்பெஷல் 1898இல் கரும்பவுடருக்காகப் பிறந்தது, கூடு பெரிது. இன்றைய பவுடர் அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டு தடவை பவுடர் கொட்டினாலும் கூடு நிரம்பாது, மேலே வழியாது, குண்டும் அழகாக உட்காரும். சுடும்போதுதான் தெரியும், ரிவால்வர் மேல்பட்டை பறந்தபிறகு. .30-06இல் ஐம்பது கிரெயின் சொச்சம் போகும், மானுக்கு ஏற்ற மெதுவான பவுடர் கூட்டை முக்கால்வாசிக்கு மேல் அடைத்துவிடும். இரண்டு தடவை கொட்டினால் மேஜையெல்லாம் பவுடராகும். தெரியாமல் போக வாய்ப்பே இல்லை.

.38க்கு வரும்போது இப்படிச் செய்யுங்கள்: கூடுகளையெல்லாம் பிளாக்கில் தலைகீழாக வையுங்கள். ஒன்றை எடுத்து, பவுடர் போட்டு, நிமிர்த்தி அடுத்த பிளாக்கில் வையுங்கள். தலைகீழாக இருப்பதில் பவுடர் இருக்க முடியாது. எல்லாம் முடிந்ததும் டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே உயரம் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் குண்டு. யாராவது பேச்சுக் கொடுத்தாலோ போன் வந்தாலோ, கையில் இருக்கும் கூட்டைக் கொட்டிவிட்டு அதை மறுபடி ஆரம்பியுங்கள். மேஜையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும்.


கேட்டி_வாசி எழுதியது:

காந்தத்தில் நிஜமாகவே மீசை இருந்தது! டேப் வைத்து எடுத்தபின் தராசு அசையாமல் நிற்கிறது. நானே வாங்கிச் சுட்ட .30-06 கூடுகள் இரண்டு பெட்டி இருக்கின்றன, அதில் தொடங்குகிறேன். மேனுவலில் முன்பகுதி முடித்தாகிவிட்டது. கூட்டைச் சுருக்குவதற்கு முன் வேறு எதையாவது சொல்ல வேண்டுமா? சாமான்களை எங்கே வைப்பது?


பித்தளைக்கூடு எழுதியது:

எண்ணெய் தடவாமல் .30-06 கூட்டை டைக்குள் ஏற்றாதீர்கள். சிக்கிக்கொண்டால், அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுக்க வேண்டியிருக்கும். மெழுகு வகையை விரல் நுனியில் தொட்டு, அடிப்பாகத்தில் தடவினால் போதும். கூட்டின் தோள்பட்டையில் (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) அதிகம் தடவினால் அங்கே பள்ளம் விழும்.

டையை ஷெல் ஹோல்டரில் இடிக்கிற அளவுக்கு இறக்கி விடச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருக்கும். போல்ட் ஆக்‌ஷனுக்கு அது பெரும்பாலும் அதிகம். கூட்டின் தோள் 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும், அதை அளக்க காலிப்பரில் மாட்டும் சின்ன கேஜ் கிடைக்கும். தேவைக்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு தடவையும் கூடு நீண்டு, முன்னே சொன்ன பளிச்சென்ற கோடு சீக்கிரம் வரும். சுருக்கியபின் நீளம் அளந்து பாருங்கள். 2.494 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, 2.484க்கு நறுக்குங்கள். நீளமான கூட்டின் வாய் அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் எகிறிவிடும்.

பவுடரில் எப்போதும் மேனுவல் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். குண்டின் எடை மட்டுமல்ல, மேனுவலில் இருக்கிற அதே குண்டாகவே வாங்கப் பாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் சில தோட்டா மட்டும் செய்து, தனித்தனியாகச் சீட்டு எழுதி ரேஞ்சுக்குப் போங்கள். சீட்டில் பவுடரின் முழுப்பெயர், டப்பாவின் லாட் எண், தேதி எல்லாம் வேண்டும். போல்ட் தூக்கக் கடினமாகிறதா, பிரைமரின் விளிம்பு தட்டையாகிறதா, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுகிறதா, ஒவ்வொரு சுடலுக்கும் பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அதற்கு மேல் இருப்பதைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துவிடுங்கள். "டொப்" என்று சத்தம் கம்மியாக வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே.

பவுடரையும் பிரைமரையும் கராஜில் வைக்க வேண்டாம், உங்கள் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது இடமில்லை, வாட்டர் ஹீட்டரின் தீயும் அங்கேதான் இருக்கும். வீட்டுக்குள் ஏசி படும் அறையில், ஒரிஜினல் டப்பாவிலேயே, மர அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இரும்புப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் மரப்பெட்டி பிய்ந்துகொண்டு எரிந்து போகும், இறுக மூடிய இரும்புப் பெட்டி குண்டாக வெடிக்கும். தடித்த மரப்பெட்டி இல்லாமல் ஒரிஜினல் டப்பாவிலேயே வீட்டில் வைக்கலாம் என்று தீ பாதுகாப்பு விதி சொல்லும் அளவு பவுடர் 20 பவுண்டு வரை, பிரைமர் 10,000 வரை. உங்களுக்கு ஒரு பவுண்டும் ஒரு பெட்டி பிரைமரும் இந்த சீசனுக்குத் தாராளம். ஒரு பவுண்டில் .30-06 நூற்று முப்பது தோட்டா வரும். இரண்டையும் வேறு வேறு தட்டில் வையுங்கள், சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

முதல் தோட்டாக்களைச் சுடும் நாளில் ரேஞ்சிலிருந்து வந்ததும் எழுதுங்கள் தம்பி, கூட்டின் அடிப்பாகத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். பிரைமரைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.